கார் ஆயில் குடித்த வண்டி

அத்தியாயம் 14

ஃபோர்மேனை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனதோடு சென்ற வாரம் நிறுத்திவிட்டேன். அதற்கு வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. "மனுஷருக்குக் கண் என்ன ஆச்சுன்னு சொல்லாம ஒரு வாரம் எப்படிங்க தூங்குறது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, நிம்மதியாகத் தூங்குங்கள். கண் பிழைத்துவிட்டது.

வலது கண்ணில் விழித்திரை கழன்றுகொண்டிருந்ததாம். அன்று இரவைத் தாண்டியிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார் டாக்டர். மருமகள் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்து, மாமனாரைத் தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றி, நெரிசலுக்குள் புகுந்து புறப்பட்டுக் கண் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியதால் தப்பித்தார்.

கதையில் இப்போது மூன்று வாரம் ஓடிவிட்டது. ஃபோர்மேன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டோடு இருக்கிறார். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தலையை உதறக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை மாமியார் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார். அதன்படி நடக்கிறாரா என்று பார்க்கும் போலீஸ் வேலையும் அவருடையதுதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இந்த மனுஷரைப் பற்றி ஒரு வார்த்தை. பஸ் டெப்போவில் முப்பத்தேழு வருஷம் இன்ஜின் பிரித்துப் பூட்டியவர். வீட்டிலும் தெருவிலும் ஃபோர்மேன் என்றால்தான் தெரியும். அவருக்கு நன்றி சொல்ல வாய் வராது. யார் மேலாவது மனசு நிறைந்துவிட்டால், அவர்களுடைய சாமான் ஏதாவது ஒன்றைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டிக் கொடுப்பார். கல்யாணமான புதிதில் மனைவியின் தையல் மெஷினைக் கழற்றிப் பூட்டினார். மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்து மின்விசிறியை இறக்கினார். அவருடைய அகராதியில் அதற்குப் பெயர் பாசம்.

ஆகவே, கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்த மருமகளுக்கு அவர் என்ன செய்திருப்பார் என்று நீங்களே யூகித்திருப்பீர்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை மத்தியானம், மாமியார் கண்ணயர்ந்த நேரம். மருமகள் தான் வேலை பார்க்கும் பயிற்சிப் பள்ளியின் வேனில் போயிருந்ததால் அவள் வண்டி வீட்டில் நின்றது. ஃபோர்மேன் பழைய செய்தித்தாளை விரித்து, தரையில் உட்கார்ந்து, இன்ஜினுக்கு அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி, பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்றினார். சாதாரண ஆயில் அல்ல. கார் சாமான் கடையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்திருக்கும் ரகம். தண்ணீர் மாதிரி மெல்லிசு, முழு சிந்தெடிக், எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று டப்பாவிலேயே பச்சை எழுத்தில் போட்டிருந்தது. அவ்வளவு பெரிய காருக்கே நல்லது என்றால் இத்தனூண்டு பைக்குக்கு எவ்வளவு நல்லது என்பது அவர் கணக்கு.

போல்ட்டைப் பார்ப்பதற்கு நாலைந்து தரம் குனிந்தார். அதை ஃப்ரிட்ஜ் கதவு பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்த மருமகள் சொன்னாள். "என்னன்னே தெரியல மாமா, வண்டி இன்னைக்கு வெண்ணெய் மாதிரி போகுது."

"அப்படியா?" என்று கேட்டுவிட்டு ஃபோர்மேன் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

நிற்க. இனி இன்றைய கதை.

இன்று திங்கட்கிழமை. மருமகளுக்குப் பயிற்றுநர் தேர்வு. அவள் மோட்டார் சைக்கிள் பயிற்சிப் பள்ளியில் ஒன்றரை வருஷமாக வேலை பார்க்கிறாள். ஆனால் சான்றிதழ் இல்லாததால், படிவம் நிரப்புவதும் கூம்பு அடுக்குவதும் கற்றுக்கொள்ள வருபவர்களுக்குப் பக்கத்தில் ஓடுவதும்தான் வேலை. பெண்களுக்கென்று தனி வகுப்பு தொடங்கலாம் என்று பள்ளி முதலாளியிடம் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கியவள் அவள். பதினாலு பெண்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். இன்று தேறினால் அடுத்த வாரம் வகுப்பு. தேறாவிட்டால் அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. அதுவரை காத்திருக்க முடியாது, வகுப்பையே விட்டுவிடலாம் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

"பதறாம ஓட்டு," என்றார் மாமியார், வாசலில் நின்று.

"வண்டி உன்னை விட்டுக்கொடுக்காது," என்றார் ஃபோர்மேன், கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து. அதில் கொஞ்சம் கர்வம் இருந்ததை மருமகள் கவனிக்கவில்லை.

தேர்வு மைதானம் ஊர் ஓரத்தில். எட்டுப் போடுவது, கூம்புகளுக்கு நடுவே நெளிவது, நடை வேகத்தில் நேர்கோட்டில் போவது எல்லாவற்றையும் மருமகள் சிரித்துக்கொண்டே முடித்தாள். தேர்வாளர் ஒரு கையில் குடையும் மறு கையில் அட்டையுமாக நின்றார். அவர் யாரையும் பாராட்டியதாகவும் வரலாறு இல்லை, திட்டியதாகவும் இல்லை.

ஓட்டிக் காட்டுவதில் கடைசியாக மேடு. சிமெண்டுச் சரிவின் நடுவில் வண்டியை நிறுத்தி, துளி பின்வாங்காமல் மேலே எடுக்க வேண்டும். க்ளட்சைப் பாதி விட்டு, வண்டி முன்னால் தள்ளப் பார்க்கும் அந்த இடத்தைக் கையால் உணர்ந்து, பிரேக்கை விட வேண்டும். மருமகள் இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வாள்.

நிறுத்தினாள். க்ளட்சை விட்டாள். பிரேக்கை விட்டாள்.

இன்ஜின் கத்தியது. வண்டி பின்னால் வந்தது.

திடுக்கிட்டுப் பிரேக்கைப் பிடித்தாள். மறுபடி. க்ளட்சை முழுக்க விட்டும் இன்ஜின் வீறிட்டதே தவிர சக்கரத்துக்கு இழுவை வரவில்லை. வண்டி ஒன்றரை அடி சறுக்கி, கீழே வைத்திருந்த கூம்பைச் சாய்த்தது.

தேர்வாளர் அட்டையில் எழுதினார். "க்ளட்ச் கட்டுப்பாடு போதாது."

"சார், வண்டியில ஏதோ கோளாறு சார்."

"எல்லாரும் அதைத்தான்மா சொல்வாங்க," என்றார் அவர், கோபமே இல்லாமல். "இன்னொரு வாய்ப்பு உண்டு. நாலு மணி. விண்ணப்பத்துல எழுதின இதே வண்டியில."

மணி அப்போது பதினொன்று.

மைதானத்துக்கு எதிரே ஒரு பட்டறை. அதை நடத்தும் பெண்ணுக்குப் பத்தாம் நம்பர் என்று பெயர். ஸ்பானர் வரிசையில் பத்தாம் நம்பர் சின்னது, அவரும் அப்படித்தான். ஆள் கையளவு, குரல் லாரி ஹாரன் அளவு. மருமகள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது அவர் ஒரு சைலன்சரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்ஜின் கத்துது, வண்டி நகரலையா? க்ளட்ச் வழுக்குது," என்றார் பார்க்காமலே. பிறகு வந்து கேபிளைப் பார்த்தார். கேபிள் சரியாக இருந்தது. ஆயில் மூடியைத் திறந்தார். விரலை விட்டு, வெளிச்சத்தில் காட்டினார். தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது.

"புது ஆயில். யார் மாத்தினது?"

"யாரும் மாத்தலையே அக்கா. சர்வீஸ் அடுத்த மாசம்தான்."

"ஆயில் தானா மாத்திக்காது தங்கச்சி. வீட்ல கேளு. எனக்கு அது என்ன ஆயில்னு தெரியணும்."

"தெரிஞ்சா?"

"கார் ஆயிலா இருந்தா, அதை இறக்கிட்டு ரெண்டு தடவை சரியான ஆயில் ஊத்தி அலசினா வண்டி பொழைச்சிக்கும். நாலு மணிக்குள்ள முடிச்சிடலாம். ஆயில் சரியானதுதான்னா, க்ளட்ச் தட்டு தேஞ்சிருக்குன்னு அர்த்தம். இன்ஜினைப் பிரிக்கணும், தட்டு வரவழைக்கணும். இன்னைக்கு ஆகாது. ரெண்டையும் செஞ்சு பாக்க நேரம் கெடையாது. எதுன்னு சொல்லு, ஆரம்பிக்கிறேன்."

மருமகள் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் ரொட்டிக்கூடத்தில் மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று கத்தினான். "ஆயிலா? எனக்கு டயருக்குக் காத்தடிக்கவே வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அப்படியானால் வீட்டில் போல்ட் கழற்றத் தெரிந்த ஆள் ஒருவர்தான். சுவரைப் பார்த்துச் சிரித்த முகம் அவளுக்கு நினைவு வந்தது.

கோபம் வந்தது. வராமல் இருக்குமா? பதினாலு பெண்கள், ஒன்றரை வருஷம். பட்டறை வாசலில் இருந்த டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் இன்னொன்று தோன்றியது. போல்ட் இன்ஜினுக்கு அடியில் இருக்கிறது. அதைக் கழற்ற அந்த மனுஷர் எவ்வளவு தூரம் குனிந்திருக்க வேண்டும்! வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது மாமியார்.

"என்னடி, முடிஞ்சுதா? பாஸா?"

"இன்னும் ஒண்ணு பாக்கி அத்தை. மாமாகிட்ட குடுங்களேன், வண்டியில ஒரு சந்தேகம்."

போன் கைமாறியது. அவள் குரலைத் தாழ்த்தினாள். "மாமா, அத்தைக்குக் கேக்க வேணாம். ஆமான்னா 'ம்'னு மட்டும் சொல்லுங்க. என் வண்டிக்கு ஆயில் மாத்தினீங்களா?"

ஃபோர்மேன் ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த காகிதத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இல்லியே," என்றார் ஃபோர்மேன். "ஏன், வண்டி என்ன செய்யுது?"

"மேட்டுல க்ளட்ச் வழுக்குது. காலையில ஃபெயில் போட்டுட்டாங்க. நாலு மணிக்கு இன்னொரு தடவை. என்ன ஆயில்னு தெரியலன்னா ரிப்பேர் பண்ண முடியாதுங்கிறாங்க."

"ஆயிலுக்கும் க்ளட்சுக்கும் என்னம்மா சம்பந்தம்? கேபிளைப் பாக்கச் சொல்லு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவரைப் பொறுத்தவரை அது பொய் அல்ல, பாதுகாப்பு. முப்பத்தேழு வருஷம் அவர் பிரித்த பஸ்களில் இன்ஜின் ஆயில் ஒரு வீட்டில், க்ளட்ச் பக்கத்து வீட்டில். நடுவில் சுவர். க்ளட்ச் மேல் ஒரு சொட்டு ஆயில் பட்டால் சீல் போய்விட்டது என்று ரிப்போர்ட் எழுதுவார்கள். ஆகவே தன் ஆயில் மேல் குற்றம் இருக்க வாய்ப்பே இல்லை. அப்புறம் எதற்காகக் குனிந்த கதையைச் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டும்?

ஆனால் ஃபெயில் என்ற வார்த்தை அவரை உட்கார விடவில்லை. எழுந்தார். நடந்தார். தண்ணீர் குடித்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் மாத்தினேன்."

"எதை?"

"அவ வண்டிக்கு ஆயில். வியாழக்கெழமை. நீ தூங்கிட்டிருந்த."

மாமியாரின் கை நின்றது. "ஆயில் மாத்தற இடம் எங்க இருக்கு?"

"இன்ஜினுக்குக் கீழ."

"கீழன்னா?"

"கீழன்னா... கீழதான்."

மாமியார் கத்தியிருந்தால் ஃபோர்மேனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நாற்பது வருஷப் பழக்கம், தாங்கியிருப்பார். மாமியாரோ மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "ஆயில் டப்பா எங்க?"

"செருப்பு அலமாரிக்குப் பின்னாடி."

"எடுங்க. இல்ல, வேணாம். நானே எடுக்கிறேன். நீங்க குனிஞ்ச வரைக்கும் போதும்."

ஒரு மணிக்குப் பட்டறை வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. முன்னால் மாமியார், கையில் டப்பா. பின்னால் கறுப்புக் கண்ணாடியோடு ஃபோர்மேன். மருமகள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பத்தாம் நம்பர் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். "கார் ஆயில். அதுலயும் எரிபொருள் மிச்சம் பண்ற ரகம். வழுக்கறதுக்குன்னே மருந்து கலந்திருப்பான். அப்பாடா! தட்டு பொழைச்சிருக்கும்." கை ஏற்கெனவே ஸ்பானரை எடுத்துவிட்டது.

"இருங்கம்மா," என்றார் ஃபோர்மேன். விஷயம் தெரிந்தவர் அல்லவா, விட்டுவிடுவாரா? "இதைவிட உசத்தி ஆயில் கடையிலயே கெடையாது. நானும் முப்பத்தேழு வருஷம் இன்ஜின் பாத்தவன். ஆயில் எப்படி க்ளட்சைக் கெடுக்கும்?"

பத்தாம் நம்பர் அவரை மேஜைப் பக்கம் கூப்பிட்டார். மேஜை மேல் வேறொரு பைக்கின் இன்ஜின் பாதி பிரித்த நிலையில் இருந்தது. அதன் மூடியைத் தூக்கி அவர் முன்னால் காட்டினார். வட்ட வட்டமாக அடுக்கிய க்ளட்ச் தட்டுகள். ஒவ்வொன்றின் இடுக்கிலிருந்தும் ஆயில் சொட்டியது.

ஃபோர்மேன் இடது கண்ணால் நெருங்கிப் பார்த்தார். விரலால் தொட்டார்.

"க்ளட்ச் ஆயில்லயே குளிக்குதா?"

"இன்ஜின், கியர், க்ளட்ச் மூணுக்கும் ஒரே ஆயில் சார். இன்ஜினுக்கு வழுக்கணும், க்ளட்சுக்குப் பிடிக்கணும். அதனாலதான் பைக்குக்குன்னு தனி ஆயில். பின்னாடி எம்.ஏ. டூன்னு போட்டிருக்கும். அது இருந்தா க்ளட்ச் பிடிக்கும்னு அர்த்தம். ஸ்கூட்டர்ல க்ளட்ச் ஆயில்ல இருக்காது, அதுக்கு வேற எழுத்து. உசத்தி, மட்டம்னு ஒண்ணும் கெடையாது சார். எது எதுக்குன்னுதான் இருக்கு."

"ஆயிலோட தடிமன்?"

"அது வண்டியோட கொடுத்த புத்தகத்துல இருக்கு. இதுக்குப் பத்து டபிள்யூ முப்பது."

"புத்தகம் சீட்டுக்கு அடியிலயே இருக்கு மாமா," என்றாள் மருமகள் மெதுவாக.

"நான் எதுக்குப் புத்தகம் பாக்கப் போறேன்?" என்றார் ஃபோர்மேன். பெருமையாகச் சொல்ல வந்தது, பாதியில் குரல் இறங்கிவிட்டது. ஒரு நிமிஷம் அந்தத் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிளம்பி, சாலையைக் கடந்து, நேராக மைதானத்துக்குள் போனார். மாமியார் "எங்கங்க போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனார்.

தேர்வாளர் குடைக்குக் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், காலையில மேட்டுல ஒரு பொண்ணு பின்னாடி வந்துச்சே, அதுக்கு என்ன எழுதினீங்க?"

"க்ளட்ச் கட்டுப்பாடு போதாதுன்னு."

"அதை அடிச்சிடுங்க சார். அவளுக்கு க்ளட்ச் நல்லாத் தெரியும். எனக்குத்தான் தெரியல. தப்பான ஆயிலை நான் ஊத்தினேன். அவளுக்குத் தெரியாம ஊத்தினேன். இன்னைக்குக் கேட்டப்ப இல்லைன்னு வேற சொன்னேன். தப்பு என்னோடது."

டெப்போவில் இருநூறு பேரை மேய்த்தவர், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் கைகட்டி நின்றார். பின்னால் நின்ற மாமியார் அதைப் பார்த்தார். இந்த மனுஷர் வாயிலிருந்து 'தப்பு என்னோடது' என்று அவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

தேர்வாளர் தேநீரைக் கீழே வைத்தார். "நான் பார்த்ததைத்தான் எழுத முடியும். நாலு மணிக்கு மறுபடி பார்க்கிறேன், அப்பவும் பார்த்ததை எழுதறேன்." சற்று நிறுத்தி, "கண்ணுல ஆபரேஷனா? வெயில்ல நிக்காதீங்க," என்று தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

பட்டறையில் வேலை மும்முரம். கார் ஆயிலை இறக்கி, பைக் ஆயிலை ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, மருமகள் க்ளட்சைப் பிடித்துப் பிடித்து விட்டாள். கால் மணி கழித்து அதையும் இறக்கி, மறுபடி புதிது. அளவுக் குடுவையில் பத்தாம் நம்பர் கண்ணை வைத்து ஊற்றியதைப் பார்த்தால் கைக்குழந்தைக்கு மருந்து கொடுப்பது போலிருந்தது. மூன்று மணிக்குப் பக்கத்துத் தெரு மேட்டில் ஓட்டிப் பார்த்தாள். லேசாக வழுக்கியது. மூன்றே காலுக்கு இன்னும் லேசாக. மூன்றே முக்காலுக்குக் கப்பென்று பிடித்தது.

"போ தங்கச்சி," என்றார் பத்தாம் நம்பர். "இனி உன் கை."

நாலு மணிக்குச் சரிவின் நடுவில் வண்டி நின்றது. மருமகள் க்ளட்சை விட்டாள். வண்டியின் முன்பக்கம் துளி எழும்பியது. பிரேக்கை விட்டதும் பின்னால் ஒரு நூல்கூட நகராமல், வழுவழுவென்று மேலே ஏறியது. நாற்காலியில் இருந்த ஃபோர்மேன் எழுந்து நின்றுவிட்டார்.

தேர்வாளர் அட்டையில் ஒரு வரியை அடித்து, ஒரு வரி எழுதினார். "இனி கடைசிப் பகுதி. வண்டியையே தொடாத ஒருத்தருக்குக் கத்துக்கொடுத்து, பத்து மீட்டர் ஓட்ட வைக்கணும். உங்க ஆள் எங்க?"

மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. கற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டு வந்திருந்த பெண் பன்னிரண்டு மணி வரை காத்திருந்துவிட்டுக் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போய்விட்டாள். கூப்பிட்டுப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"பத்தாம் நம்பர் அக்காவை..."

"வண்டி ஓட்டத் தெரிஞ்சவங்க கூடாது."

தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு மைதானத்தைப் பூட்டிவிடுவார்கள்.

"நான் தொட்டதே இல்ல," என்று ஒரு குரல் வந்தது.

மாமியார்.

"அத்தை, நீங்களா?"

"ஏன், எனக்குக் கையும் காலும் இல்லியா? இந்த மனுஷனுக்கு உலகம் தெரியுதுன்னா உன்னாலதான். அதுக்கு அவர் ஆயில் ஊத்தினார், நான் என்ன பண்ணினேன்? உனக்கு ஒரு ஆள் வேணும். நான் இருக்கேன். ஹெல்மெட்டைக் குடு."

படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். வயது, முகவரி, கற்றுக்கொள்ளும் காரணம். மாமியார் குடைக்குக் கீழே உட்கார்ந்து, யோசித்து யோசித்து எழுதிக் கொடுத்தார். தேர்வாளர் அதை அட்டையில் செருகிக்கொண்டார்.

அடுத்த அரை மணி நேரத்தை நான் வர்ணித்தால் மாமியார் என்னோடு பேச மாட்டார். வண்டி எட்டு முறை நின்றுபோனது. ஒரு முறை ஹாரன் மட்டும் அடித்தது. மருமகள் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. "க்ளட்ச்னா கதவு அத்தை. படார்னு திறக்காதீங்க. உள்ள யார் இருக்காங்கன்னு எட்டிப் பாக்கிற மாதிரி, மெல்ல. ஆங், இப்போ வண்டி துடிக்குது பாருங்க, அங்கேயே நில்லுங்க."

"துடிக்குதுடி!" என்றார் மாமியார்.

"அதுதான். இப்போ விடுங்க."

வண்டி நகர்ந்தது. பத்து மீட்டர் தாண்டியது. இருபது தாண்டியது. பிரேக் என்று ஒன்று இருப்பது மாமியாருக்கு மறந்துபோனது. மருமகள் பக்கத்தில் ஓட, பத்தாம் நம்பர் ஹாரன் குரலில் "காலு! வலது காலு!" என்று அலற, மைதானத்தின் மறுகோடியில் கூம்புகளுக்கு நடுவே வண்டி ஒருவழியாக நின்றது.

தேர்வாளர் உதட்டோரம் அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன். சான்றிதழில் கையெழுத்துப் போட்டு மருமகளிடம் நீட்டினார். "வகுப்பு எப்போ தொடங்குது?"

"அடுத்த வாரம் சார். பதினாலு பேர்."

"பதினஞ்சு," என்றார் மாமியார், மூச்சு வாங்க. மருமகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சிரித்தாளா அழுதாளா என்று தெரியாதபடி நின்றாள். பிறகு ஃபோர்மேனிடம் வந்து சான்றிதழை அவர் கையில் வைத்தாள்.

"நீங்க உண்மையைச் சொன்னதாலதான் இது மாமா. இல்லன்னா இப்போ இன்ஜினைப் பிரிச்சிட்டு உக்காந்திருப்போம். ரொம்ப நன்றி."

அவர் சான்றிதழைத் தடவிப் பார்த்தார்.

"படிவத்தை மூடணும்," என்றார் தேர்வாளர். "எழுதினதை வாசிச்சுக் காட்டணும்னு விதி. சரிதானான்னு சொல்லுங்க." தொண்டையைச் செருமினார். "வயது ஐம்பத்தெட்டு. கற்றுக்கொள்ளும் காரணம்: என் தங்கையைப் பார்க்கப் போக."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். அத்தைக்குத் தங்கையா? பதினாலு வாரமாக இந்த வீட்டுக்குள் போய்வந்துகொண்டிருக்கும் எனக்கே இது புதுச் செய்தி.

மாமியார் ஹெல்மெட்டின் வாரை அவிழ்த்துக்கொண்டே யாரையும் பார்க்காமல் சொன்னார். "பதினோரு வருஷமாச்சு. அவ வாசலை மிதிக்கக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னார். கூட்டிட்டுப் போங்கன்னு கேக்க முடியல. நானே போய்க்கலாம்னு இன்னைக்குத் தோணுச்சு. தப்பு என்னோடதுன்னு சொல்ல இந்த வீட்ல ஆள் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

பத்தாம் நம்பர் மெல்ல வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனார்.

ஃபோர்மேன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். சிவந்திருந்த வலது கண்ணும் நல்ல இடது கண்ணுமாக மனைவியை நேருக்கு நேர் பார்த்தார்.

"போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ," என்றார். "அவகிட்ட நான்தான் பேசணும்."

"பின்னாடி உக்காரணும்."

"உக்கார்றேன்."